வழிகாட்டி வருவார், முழங்கால் நம்முடையது

பொதிகை மலையின் உச்சியான அகத்தியர்கூடத்துக்குப் போகலாமா என்று எங்கள் ஊரில் யாராவது பேச்செடுத்தால், பக்கத்தில் இருக்கும் ஒருவர் தவறாமல் சொல்வது: "வழிகாட்டி கூடவே வருவார், எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்." பாதி உண்மைதான். பாதை தவறாமல் கூட்டிப்போவார், யானை நிற்கும் இடத்துக்கு முன்பே நம்மை நிறுத்துவார், இருட்டுவதற்குள் முகாமில் சேர்ப்பார். ஆனால் நமக்குப் பதிலாக மூச்சு வாங்கமாட்டார். நம் முழங்காலுக்கு அவர் ஜவாப்தாரி இல்லை. போய்வந்தபின் மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் விசாரித்தவர்கள் எல்லோரும் உச்சியைப் பற்றித்தான் கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தோன்றியதெல்லாம் புறப்படுவதற்கு முந்தைய மாதங்களைப் பற்றி.

மலையின் உயரம் 1868 மீட்டர். இமயமலைப் பக்கம் போய்வந்தவர்கள் சிரிப்பார்கள். ஆக்சிஜன் குறைந்து தலைசுற்றும் உயரமும் இல்லை. அந்தத் தொல்லை பொதுவாக 2500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும். எங்கள் குழுவில் ஒருவர் அதற்கென்று மருந்துக்கடையில் மாத்திரை விசாரித்தார், வாங்கவிடவில்லை. இந்த மலையின் கடினம் வேறு வகை. முதல் நாள் சுமார் 15 கிலோமீட்டர் நடை. மறுநாள் உச்சிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் ஏற்றம், அதே அளவு இறக்கம். மூன்றாம் நாள் மறுபடியும் அந்த 15. நடுவில் ரோடு இல்லை, கடை இல்லை, முடியவில்லை என்றால் ஆட்டோ பிடித்துத் திரும்பவும் வழியில்லை.

பொதிகை நம் மலைதானே, நம் பக்கத்திலிருந்தே ஏறினால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். பாபநாசம், காரையாறு வழியாகப் பெரியவர்கள் போன பாதை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் கிடக்கிறது. அந்த வழியில் உச்சிக்கு இப்போது அனுமதி இல்லை. ஆகவே தமிழ்நாட்டுக்காரர்களும் திருவனந்தபுரம் மாவட்டத்துப் போணக்காடு வழியாகத்தான், கேரள வனத்துறையிடம் அனுமதி வாங்கித்தான் போகவேண்டும். 2016இல் யுனெஸ்கோ தன் உலகப் பட்டியலில் சேர்த்த அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தில் நம் குமரி மாவட்டக் காடுகளும் சேர்ந்தவை. காடு ஒன்றுதான், கதவு மட்டும் அந்தப் பக்கம்.

கதவு திறப்பதும் எப்போதும் இல்லை. ஜனவரி நடுவிலிருந்து சிவராத்திரியை ஒட்டிய நாட்கள் வரைதான் பருவம். ஏன் என்று குமரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நம்மை விட்டுவைப்பதில்லை. நவம்பர் கடைசியிலும் எதுவும் வரலாம் என்பதை 2017இல் ஓகி புயல் காட்டிவிட்டுப் போனது. மறுபக்கம், மார்ச் வந்தால் புல் காய்ந்து நெருப்புக்குக் காத்திருக்கும். 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதன்பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையே 14 மாவட்டங்களில் 40 பாதைகளுக்கு இணையவழிப் பதிவைத் தொடங்கியது. அதில் குமரி மாவட்டமும் உண்டு. அனுமதி, கட்டணம், வழிகாட்டி என்பதெல்லாம் வீண் கெடுபிடி என்று முணுமுணுப்பவர்கள் குரங்கணியை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

பதிவுக்கு வருகிறேன். கேரள வனத்துறையின் இணையதளத்தில் ஜனவரி தொடக்கத்தில் அறிவிப்பு வரும். சில ஆண்டுகளில் பருவத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் திறந்திருக்கிறார்கள். திறந்தவுடன் இடங்கள் தீர்ந்துபோகும். சனி ஞாயிறு சேர்ந்த தேதிகள் முதலில் போகும். எனவே எல்லோருடைய பெயர், வயது, அடையாள அட்டை எண் ஆகியவற்றை அட்டையில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில் ஒரே தாளில் எழுதி, கணினிக்கு முன்னால் வைத்துக்கொள்ளவேண்டும். "இன்ஷியல் முன்னாலா பின்னாலா?" என்று அந்த நேரத்தில் போன் செய்து கேட்டுக்கொண்டிருக்க முடியாது. கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. அண்மைக் காலத்தில் ஆளுக்கு 2000 ரூபாயைத் தாண்டிவிட்டது. சாப்பாடு அதில் சேராது. 14 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. உடல்தகுதிக்கு மருத்துவர் சான்றிதழ் வேண்டும், அதுவும் பயணத்துக்குச் சற்று முன்பு வாங்கியதாக இருக்கவேண்டும். தெரிந்த டாக்டரிடம் கையெழுத்து மட்டும் வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. எங்கள் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அப்படிச் செய்யாமல், இசிஜி எடுத்து, ரத்த அழுத்த மாத்திரையின் நேரத்தையும் மாற்றி எழுதி வாங்கி வந்தார். அந்தத் தாளைப் பார்த்தபின் மற்றவர்களுக்கும் வெட்கமாகிவிட்டது. ஒழுங்காகப் பரிசோதனை செய்துகொண்டார்கள்.

யாரைக் கூட்டிப்போவது என்பதுதான் திட்டத்திலேயே பெரிய வேலை. எங்கள் குழுவில் அந்தத் தலைமையாசிரியர், எல்லோருக்கும் அவர் 'சார்'. அலுவலக நண்பர்கள் சிலர். நர்சிங் படிக்கும் என் அக்கா மகள். பிறகு என் மைத்துனர். முன்பு என்றால் அக்கா மகள் வந்திருக்கவே முடியாது. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் பெண்களைத் தடுக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னபின், 2019 ஜனவரியில் பாதுகாப்புத் துறை அதிகாரி தன்யா சனல் உச்சிக்குப் போய்வந்தார். அதற்குமேல் அந்தப் பேச்சு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அக்கா வீட்டில் மட்டும் முடியவில்லை. "அங்கே குளிர்காலத்தில் பெண்பிள்ளை எங்கே படுப்பாள்?" என்பது அக்காவின் கேள்வி. நியாயமான கேள்வி. பதிவு செய்வதற்கு முன்பே முகாமில் தங்கும் ஏற்பாட்டையும் கழிப்பறை வசதியையும் வனத்துறை அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டு, பதிலை அக்காவிடமே நேராகச் சொன்னேன். பெண்கள் வரும் குழு இந்தத் தகவலை முதலிலேயே வாங்கிக்கொள்வது நல்லது.

மைத்துனர் விவகாரம் வேறு. அவர் ஆண்டுதோறும் சிவாலய ஓட்டம் ஓடுகிறவர். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி: சிவராத்திரிக்கு முந்தைய நாள் முஞ்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை 12 சிவாலயங்களை, கையில் விசிறியோடு, "கோவிந்தா கோபாலா" என்று சொல்லிக்கொண்டு ஓடியும் நடந்தும் சுற்றி வருவார்கள். 100 கிலோமீட்டருக்கு மேல் வரும். அதை வெறுங்காலோடு முடிக்கிறவருக்கு 15 கிலோமீட்டர் ஒரு பொருட்டா? "பயிற்சியா? எனக்கா?" என்று கேட்டுவிட்டு மைத்துனர் டீயைக் குடித்தார். மூச்சும் மனசும் அவரிடம் ஏராளமாக இருந்தன. ஆனால் கல்குளம், விளவங்கோடு ரோடுகள் எவ்வளவு ஏறி இறங்கினாலும் மலைச்சரிவு ஆகிவிடாது. ஓடுகிறவனுக்கும் இறங்குகிறவனுக்கும் தொடையில் வேலை செய்யும் விதமே வேறு.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கவேண்டும், ஒவ்வொரு அடியிலும் பிரேக் போடுவதுபோல. பழக்கமில்லாத தசையில் இதனால் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. வலி உடனே தெரியாது. மறுநாளோ அதற்கு மறுநாளோதான் உச்சத்துக்கு வரும். இந்த மலையின் கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டாம் நாள் உச்சியிலிருந்து செங்குத்தாக இறங்குகிறோம். அந்த வலி முழு வேகத்தில் வந்து நிற்பது மூன்றாம் நாள் காலையில், 15 கிலோமீட்டர் பாக்கி இருக்கும்போது. உச்சியில் படம் எடுத்துக்கொண்ட பலர் கடைசி நாள் பக்கவாட்டில் நண்டு நடை நடந்து வருவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே எங்கள் பயிற்சி முழுக்க இறங்குவதைப் பற்றியதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மருந்துவாழ் மலை. பொற்றையடியில் வண்டியை நிறுத்திவிட்டு வெயில் ஏறுமுன் ஏறத் தொடங்கினால், நாராயண குரு தவம் செய்த பிள்ளைத்தடம் குகை வரை போய்விட்டு இறங்கி, மறுபடியும் ஏறி இறங்கலாம். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப்போகும்போது சிதறி விழுந்த துண்டு என்று சொல்லப்படும் மலை. மேலே நின்றால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வயலும் தென்னையும். முதுகில் பையோடு ஏறுவோம், பையில் தண்ணீர் பாட்டில்கள். வார நாட்களில் வீட்டு மாடிப்படி போதும். கடைசிக் கீழ்ப்படியில் ஒரு காலில் நின்று, மற்ற காலின் குதிகாலைத் தரையைத் தொடும்வரை மெதுவாக இறக்கி, தொட்டவுடன் பாரத்தை அதில் வைக்காமல் மறுபடியும் மேலே எடுக்கவேண்டும். இறங்குவதற்கு மூன்று எண்ணும் நேரமாவது எடுக்கவேண்டும். முழங்கால் உள்பக்கம் சாயக்கூடாது. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. செய்தால் தொடை நடுங்கும். சார் தினமும் செய்தார், அதுவும் காலையில் பேப்பர் வருவதற்கு முன்பே. மைத்துனர் செய்யவில்லை.

பை விஷயத்தில் நான் கறார். வீட்டுத் தராசில் எல்லோருடைய பையையும் நிறுத்தோம். தண்ணீர் சேர்த்து 7 கிலோவுக்கு மேல் போனால் எதையாவது வெளியே எடுக்கவேண்டும். ஜீன்ஸ் வெளியே போயிற்று. ஒருவருடைய பெரிய ஸ்பீக்கர் வெளியே போயிற்று, கொஞ்சம் வாக்குவாதத்தோடு. உள்ளே இருக்கவேண்டியவை: நனைந்தால் சீக்கிரம் உலரும் இரண்டு மாற்றுடை, மெல்லிய மழைக்கோட்டு, தலையில் மாட்டும் டார்ச், காதை மூடும் குல்லாய், ஒரு கம்பளி. கடலோரத்தில் வாழ்கிறவர்களுக்குக் கம்பளியின் அருமை தெரியாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். உச்சியில் நம் ஊரைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைவு, அதற்குமேல் காற்று வேறு. தென்றல் பிறக்கும் இடம் பொதிகை என்று படித்திருக்கிறோம். பிறக்கும் இடத்தில் அது தென்றலாக இல்லை.

தின்பண்டத்துக்கு நம் மாவட்டம்போல் வசதி வேறு எங்கும் இல்லை. முந்திரிக்கொத்து என்ற பலகாரத்தை மலையேறுகிறவன்தான் கண்டுபிடித்திருக்கவேண்டும்: வறுத்த பயறு, கருப்பட்டி, தேங்காய், கெட்டுப்போகாது, நசுங்காது, இரண்டு தின்றால் ஒரு மணி நேரம் கால் ஓடும். பழம் என்றால் ஏத்தன் பழம், அதாவது நேந்திரம். மட்டிப்பழம் ருசியானதுதான், ஆனால் பையில் போட்டால் மதியத்துக்குள் களி ஆகிவிடும். பிளாஸ்டிக் உறையில் வரும் எதையும் வீட்டிலேயே பிரித்துத் துணிப்பையிலோ எவர்சில்வர் டப்பாவிலோ மாற்றிவிடவேண்டும். போணக்காட்டில் பைகளைத் திறந்து பார்க்கிறார்கள். பூஜைப் பொருட்களுக்கும் தடை உண்டு. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு குழு கற்பூரமும் சாம்பிராணியும் விபூதிப் பொட்டலங்களுமாக எடுத்துவைத்து வாதாடிக்கொண்டிருந்தது. அகத்தியரைப் பார்க்க வந்தவர்கள் அரைமணி நேரம் காவலரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து பனச்சமூடு, வெள்ளறடை, காட்டாக்கடை, ஆரியநாடு வழியாக விதுரா. அங்கிருந்து காணித்தடம் செக்போஸ்ட் தாண்டி, கைவிடப்பட்ட தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே போணக்காடு. விதுராவிலிருந்து பஸ் உண்டு, ஆனால் நேரத்தை நம்பி குழுவாகப் போவது சிரமம். வாடகை வேன் என்றால் கேரளத்துக்குள் போகும் பெர்மிட் இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். போணக்காட்டுக்குமேல் போன் வெறும் கேமராதான். திரும்பும் நாளில் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் வேன் நிற்கவேண்டும் என்பதை டிரைவரிடம் எழுதிக் கொடுத்தோம். வீட்டுக்கும் அதே தாளின் நகல்.

இனி வழிகாட்டி. வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த மலைக்காட்டுப் பழங்குடிகளான காணி சமுதாயத்தவர். நம் பேச்சிப்பாறை, கோதையாறு பக்கத்துக் காணிகளுக்கு உறவுமுறைக்காரர்கள்கூட அங்கே இருப்பார்கள். எங்களோடு வந்தவர் ஐம்பதைத் தாண்டிய மெலிந்த மனிதர், தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. நாங்கள் அண்ணன் என்றோம். அக்கா மகளை அவர் மோளே என்றார். புறப்படும்போதே அவர் சொன்னது இரண்டு விஷயம்தான்: "எனக்கு முன்னால் யாரும் போகக்கூடாது. கடைசியில் வருகிறவர் யார் என்று எனக்குத் தெரியவேண்டும்." கடைசி ஆளாக நான் நிற்பதாகச் சொன்னேன். குழுவை அமைக்கும்போதே இந்த ஆளை முடிவுசெய்துவிடுங்கள். முன்னால் வழிகாட்டி, பின்னால் பொறுப்பான ஒருவர், நடுவில் வேகமானவர்கள். மெதுவானவர்கள் வழிகாட்டிக்கு நேர் பின்னால். எல்லாக் குழுவும் இதைத் தலைகீழாகச் செய்து, மெதுவாக நடப்பவரைக் கடைசியில் விட்டுவிடுகிறது. அவர் வந்து சேரும் நேரத்தில் மற்றவர்கள் ஓய்வெடுத்து எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவார்கள். அவருக்கு மட்டும் நாள் முழுக்க ஓய்வே கிடைக்காது.

லாத்திமொட்டை, கரமனை ஆறு, வாழப்பைந்தியாறு, அட்டையாறு என்று முகாம்கள் வரிசையாக வரும். ஓடைகள் நிறைய, எந்த நீரைக் குடிக்கலாம் என்று அண்ணன் கையைக் காட்டுவார். அட்டையாற்றை ஒட்டிய ஈரமான இடத்தில் அக்கா மகளின் கணுக்காலில் அட்டை ஏறியிருந்தது. பிடித்து இழுக்கப் போன நண்பரை அவள் தடுத்துவிட்டாள். அட்டையின் ஒல்லியான முனைதான் வாய். அதன் ஓரமாக விரல் நகத்தைத் தோலோடு சேர்த்துச் சரித்துத் தள்ளினாள். வாய் விட்டது, பிறகு பருத்த முனையையும் அப்படியே தள்ளிச் சுண்டிவிட்டாள். ரத்தம் மட்டும் நெடுநேரம் நிற்கவில்லை. அட்டையின் எச்சிலில் ரத்தம் உறையாமல் செய்யும் பொருள் இருக்கிறது, அதற்காகப் பயப்படவேண்டாம், கழுவித் துணியை அழுத்திக் கட்டினால் போதும் என்றாள். உப்புக்கிழி எல்லோர் பையிலும் இருந்தது. அதைக் காலுறையின் விளிம்பில் முன்கூட்டியே தேய்த்துக்கொள்வது உத்தமம்.

அட்டையாற்றைத் தாண்டி ஏற்றம் தொடங்குமுன் ஓரிடத்தில் அண்ணன் கையைத் தூக்கினார். பாதையில் யானைச் சாணம். குச்சியால் ஒரு உருண்டையைப் பிளந்து பார்த்தார். உள்ளே ஈரமாக இருந்தது, ஆனால் சூடில்லை, வண்டுகள் வந்துவிட்டன. அது அவருக்குப் போதவில்லை. பக்கத்தில் ஒடிந்து கிடந்த ஈற்றை மூங்கிலின் நுனியை எடுத்து, ஒடிந்த இடத்தை விரலால் தடவி எங்களிடம் காட்டினார். விளிம்பு இன்னும் பச்சையாக இருந்தது, பழுக்கத் தொடங்கவில்லை. பிறகு காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார். ஒன்றும் பேசாமல் எங்களைப் பாறை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, சற்றுத் தூரம் தனியாகப் போய்ப் பார்த்து வந்தார். "போய்விட்டது. பேசாமல் வாருங்கள்." வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் எதற்கு என்று கேட்கிறவர்களிடம் இந்தக் காட்சியைத்தான் சொல்கிறேன். நாங்கள் சாணத்தைத்தான் பார்த்தோம், அதிலிருந்து நேரத்தையும் திசையையும் அவர்தான் எடுத்தார்.

காணிகளின் காட்டறிவைப் பற்றி ஒரு சங்கதி உண்டு. 1987இல் இந்த மலைக்காட்டில் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள் களைத்துத் தள்ளாடியபோது, கூட வந்த காணிகள் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு சுறுசுறுப்பாக நடந்தார்களாம். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் அதைக்கொண்டு ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, உரிமத்தொகையிலும் வருமானப் பங்கிலும் பாதியைக் காணிகளுக்கு ஒதுக்கியது. உலகெங்கும் பேசப்பட்ட ஏற்பாடு அது. மைத்துனர் வழியெல்லாம் அந்தச் செடியைக் காட்டச் சொல்லி அண்ணனை நச்சரித்தார். அவர் சிரித்தாரே ஒழிய காட்டவில்லை. பாதுகாக்கப்பட்ட காட்டில் இலையைப் பறிக்கச் சொல்லி வழிகாட்டியைச் சங்கடப்படுத்தக்கூடாது. அவருடைய பிழைப்பு அதில் இருக்கிறது.

ஏழுமடக்குத்தேரி, முட்டிடிச்சான் ஏற்றம் இரண்டும் முதல் நாளின் கடைசிப் பகுதியில், உடம்பு ஓய்ந்த நேரத்தில் வருகின்றன. இங்கே சாருடைய நடையைப் பார்க்கவேண்டும். சிறு சிறு அடி, ஒரே வேகம், நிற்பதே இல்லை. இளவட்டங்கள் பாய்ந்து ஏறி, உட்கார்ந்து, மறுபடி பாய்ந்தார்கள். முகாமுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில்தான் வந்து சேர்ந்தோம்.

அதிருமலை முகாமைச் சுற்றி யானை வராமல் அகழி வெட்டியிருக்கிறார்கள். ராத்திரிக்குக் கஞ்சியும் பயறும். அந்தக் குளிரில் அந்தக் கஞ்சிக்கு ஈடு எதுவும் இல்லை. நான் மூன்று முறை வாங்கினேன். சாப்பிட்டபின் எல்லோரையும் உட்காரவைத்து மறுநாளைப் பற்றிப் பேசினோம். ஊரிலேயே முடிவுசெய்திருந்த விஷயம்தான்: யார் எந்த இடத்தில் நிற்கப்போகிறார்கள், நின்றால் கூட யார் நிற்பார்கள். இதை உச்சிக்குப் பக்கத்தில் வைத்துப் பேசினால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். அங்கே கௌரவம் பேசும். சார் அப்போதே சொல்லிவிட்டார்: பொங்காலைப் பாறை வரை வருவேன், கயிற்றைப் பிடித்து ஏறவேண்டிய பாறை ஈரமாக இருந்தால் திரும்பிவிடுவேன்.

ஈரமாகத்தான் இருந்தது. காலையில் பொங்காலைப் பாறையை அடைந்தபோது மஞ்சு இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. மேலே கயிறு கட்டிய வழுக்குப் பாறைகள். அண்ணன் பாறையில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, காத்திருக்கலாம் என்றார். வெயில் வந்து பாறை காய்ந்தால் மேலே, இல்லாவிட்டால் கீழே. எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு குழுவில் சிலர் பொறுமை இழந்து, "இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு பணம் கட்டி" என்று தொடங்கினார்கள். அவர்களுடைய வழிகாட்டி இளைஞர், பதில் சொல்லத் திணறினார். எங்கள் அண்ணன் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார், அவ்வளவுதான். சத்தம் அடங்கியது. வழிகாட்டியிடம் பணம் கட்டியதைச் சொல்லிக் காட்டுவதைப்போல் ஆபத்தான பேச்சு மலையில் இல்லை. அவர் ஒருமுறை இணங்கிவிட்டால் பிறகு அவருடைய 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு மதிப்பு இருக்காது.

வெயில் வந்தது. சார் தன் சொல்படியே, முழங்கால் வலியில்லாதபோதே, திரும்பிக்கொண்டிருந்த வேறொரு குழுவோடும் அதன் வழிகாட்டியோடும் முகாமுக்கு இறங்கினார். முகத்தில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். மற்றவர்கள் ஏறினோம். கயிற்றில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். முழு பாரத்தையும் கையில் தொங்கவிடாமல், பாதத்தைப் பாறையில் தட்டையாக ஊன்றி, உடம்பைச் சற்றுப் பின்னால் சாய்த்து நடக்கவேண்டும். பயத்தில் பாறையோடு ஒட்டிக்கொண்டால்தான் கால் வழுக்கும். உச்சியில் அகத்தியர் சிலை, கீழே நெய்யாறு, பேப்பாறை அணைகளின் நீர் இரண்டு துண்டுகளாக. தெற்கே நம் ஊர்ப்பக்கம் முழுக்க மஞ்சு. காற்றில் நிற்கமுடியவில்லை. உச்சியைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு ஒன்றுமில்லை, எல்லோருடைய போனிலும் அந்தப் படங்கள் இருக்கின்றன.

இறங்குவதற்கு முன் ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டுவது மிக முக்கியம். குதிகாலைத் தரையில் தட்டிப் பின்பக்கம் நன்றாக உட்காரவைத்து, கணுக்கால் மடிப்பில் கயிற்றை இறுக்கவேண்டும். விரல் பக்கம் தளர்வாக விடலாம். பாதம் முன்னால் சறுக்கினால் கட்டைவிரல் ஷூவின் முனையில் ஆயிரம் முறை இடிக்கும், நகம் கறுத்து விழும். ஒரு கம்பு இருந்தால் முழங்காலுக்குப் பெரிய ஆறுதல். மைத்துனர் கம்பையும் மறுத்தார். மூன்றாம் நாள் முட்டிடிச்சான் இறக்கத்தில் அவர் நின்றுவிட்டார். மூச்சு வாங்கவில்லை, களைப்பும் இல்லை. தொடை சொன்னபடி கேட்கவில்லை. அக்கா மகள் முழங்காலுக்கு மேல் துணியைச் சுற்றிக் கட்டினாள், அவருடைய பையைப் பிரித்து நாங்கள் எடுத்துக்கொண்டோம், சார் தன் கம்பை நீட்டினார். சிவாலய ஓட்டக்காரர் அறுபதைத் தாண்டிய வாத்தியாரின் கம்பை வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் இறங்கினார்.

போணக்காட்டில் அண்ணனுக்குக் கொடுக்கவேண்டியதை முன்பே ஆளுக்கு இவ்வளவு என்று சேர்த்து ஒரு கவரில் வைத்திருந்தோம்; கட்டணத்தில் வழிகாட்டிக்குப் போவது தனி, இது நம் மரியாதை. களைத்து வந்து நின்றுகொண்டு சில்லறை தேடுவது நன்றாக இருக்காது. வேனில் எல்லோருக்கும் செருப்பும் உலர்ந்த வேட்டியும் காத்திருந்தன, அதைச் சொல்லிவைத்தவர் சார். விதுராவில் டீயும் பருப்புவடையும். அங்கே வேனிலிருந்து இறங்கி ஏறுவதற்குள்ளேயே மைத்துனர் இரண்டு தடவை "அம்மா" என்றார்.

இப்போது அக்காவுக்கு ஆசை வந்துவிட்டது. மகள் சொல்லிக்கொடுத்தபடி தினமும் மாடிப்படியில் நின்று குதிகாலை இறக்கி ஏற்றிக்கொண்டிருக்கிறாள், மூன்று எண்ணாமல் இரண்டு எண்ணிலேயே இறக்கிவிடுகிறாள் என்று மகள் புகார் செய்கிறாள். அடையாள அட்டையில் அக்காவின் பெயருக்கு முன்னால் இன்ஷியல் இருக்கிறது, ரேஷன் கார்டில் பின்னால் இருக்கிறது. ஜனவரிக்குள் அதைச் சரிசெய்து தரச்சொல்லியிருக்கிறேன்.